லாரியில் எரிமின்கலம்: தாங்கிகள் அமைக்கும் முறை

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. எரிமின்கலத்தால் ஓடும் லாரிக்கு அச்சாணி போன்றவை, அதன் கருவிகளைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகள். அவற்றை அமைக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிமின்கலத்தை 1839-இல் வில்லியம் குரோவ் செய்து காட்டினார். அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. வேலை செய்யும்போது ஒரு கலம் ஏறத்தாழ 0.7 வோல்ட்டே தரும். ஆகவே நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்கி இறுக்குகின்றனர். மேடேறும்போது உதவவும், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்கவும் பேட்டரி தேவை. ஹைட்ரஜன் உருளைகளையும் சேர்த்தால் தாங்க வேண்டிய பாரங்கள் மூன்று.

நம் மாநிலத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவும் டாட்டா மோட்டார்சும் 2013-இல் எரிமின்கலப் பேருந்தை ஓட்டிக் காட்டின. அதன் உருளைகள் கூரைமேல் இருந்தன. 2025 மார்ச் 4 அன்று 16 ஹைட்ரஜன் லாரிகளின் சோதனை ஓட்டம் நாட்டில் தொடங்கியது.

1. விசை: பாரத்தின் எடையை மட்டும் கணக்கிடுவது பிழை. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியின் உருளைத் தாங்கி, ஓடும் திசையில் புவியீர்ப்பைப்போல் 6.6 மடங்கு முடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 134-ஆம் வாகன விதி. உருளைத் தொகுதி 300 கிலோ என்று கொள்வோம்.

300 × 9.81 × 6.6 = 19,424 நியூட்டன்.

இது ஏறத்தாழ 2 டன் பாரத்துக்குச் சமம். நான்கு போல்ட்டுகள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4,856 நியூட்டன். 8.8 தர 12 மில்லிமீட்டர் போல்ட் இதை எளிதில் தாங்கும். எனவே முதலில் முறிவது பெரும்பாலும் போல்ட் அன்று. தாங்கியின் வளைவும் வெல்டிங் ஓரமுமே.

2. முறுக்கம்: ஆரணியிலிருந்து திருமலைக்கு நெல் மூட்டையோடு ஒரு லாரி போகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் சேஸிஸ் முறுகும், அது இயல்பே. ஆனால் எரிமின்கலப் பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கிவிட்டால் அதுவும் சேர்ந்து முறுகும். அடுக்கின் இடைவெளி வழியே வாயு கசியலாம். மேடுபள்ளத் தரையில் நாற்காலி ஆடும்; முக்காலி ஆடாது. ஆதலால் மூன்று இடங்களில் ரப்பர் புஷ் இட்டுத் தாங்குவதே முறை.

3. துளையும் வெல்டிங்கும்: சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடலாகாது. வளைவின் இழுவிசையும் அமுக்கவிசையும் அங்கேதான் மிகுதி. நடுச்சுவரில், உற்பத்தியாளர் அனுமதித்த இடத்தில் மட்டுமே துளையிட வேண்டும். வெல்டிங் வெப்பம் உயர்வலிமை எஃகைத் தளர்த்தும். ஆகவே சேஸிஸில் போல்ட்டே தகும்.

4. காற்றோட்டம்: ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு இலேசானது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். எனவே தாங்கியின் மேற்புறம் மூடிய குழிவாக இருத்தல் கூடாது.

5. சோதனை: பாரத்துடன் ஓட்டியபின் வெல்டிங் மீது மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருப்பின் எண்ணெய் ஊறிக் கோடாகத் தெரியும்.

மாணவ நண்பர்களே! கேபினுக்குப் பின்னே உருளைகள், முன்னே ஓட்டுநர். லாரி மோதி நின்றால் அந்த 2 டன் விசை அவர் முதுகை நோக்கியே பாயும். இடையில் நிற்பது தாங்கி ஒன்றே. நாம் போடும் கணக்கு அவர் உயிருக்குப் பொறுப்பு.