வணிகப் பாடம்: விட்ட பணமும் எஞ்சிய முதலும்



கிரிப்டோ நாணய வியாபாரம் பற்றி ஒரு பாடம் எழுதும்படி உறுப்பினர்கள் சிலர் நம்மைக் கேட்ட வண்ணம் உள்ளனர். "நிறைய விட்டுவிட்டோம். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்து விட்டதைப் பிடிக்க முடியுமா?" என்பதே எல்லோரது கேள்வியின் சாரம். இதில் இறங்குங்கள் என்று யாருக்கும் நாம் சிபாரிசு செய்யவில்லை. ஏற்கெனவே இறங்கி அடிபட்டவர்கள் இருப்பதையும் இழந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம்.

மளிகைக் கடை நடத்தும் நம் அன்பர் ஒருவர் தம் கணக்கை நம்மிடம் காட்டினார். 2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலர் அளவில் உச்சத்தில் நின்றபோது 4 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார். அதில் பாதி, மண்டிக்குக் கட்ட வேண்டிய சரக்குப் பணம். ஓராண்டில், 2022 நவம்பரில், விலை 16,000 டாலருக்கும் கீழே போயிற்று. மண்டியில் கெடு நெருக்கியது. விற்றார். பிறகு விட்டதைப் பிடிக்கப் பெயர் தெரியாத நாணயங்களில் மாறி மாறிப் போட்டார். இப்போது மிச்சம் 60,000 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் பிட்காயின் பழைய உச்சத்தைத் தாண்டியது. அதே விலைக்கு வாங்கிப் பேசாமல் இருந்தவர் முதலுக்குச் சேதமின்றி வந்துவிட்டார். நம் அன்பரால் இருக்க முடியவில்லை. காரணம், அவர் போட்டது காத்திருக்கக் கூடிய பணம் அல்ல, கடைப் பணம்.

1. இறங்கிய அளவு ஏறினால் போதாது

100 ரூபாய் 20 சதவீதம் குறைந்தால் 80. அது மீண்டும் 100 ஆக 25 சதவீதம் ஏற வேண்டும். பாதி போனால் மிச்சம் இரு மடங்காக வேண்டும். 80 சதவீதம் போனால் மிச்சம் ஐந்து மடங்காக வேண்டும். 90 சதவீதம் போனால் பத்து மடங்கு.

நம் அன்பரின் 60,000 ரூபாய் 4 லட்சம் ஆக ஏறத்தாழ ஆறே முக்கால் மடங்காக வேண்டும். மளிகையில் 5 சதவீதம் நிற்பதே பெரிய காரியம் என்று அறிந்த நாம், ஆறே முக்கால் மடங்கை ஆறு மாதத்தில் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்ப்பவர் பெரிய பந்தயம் கட்டுவார். பெரிய பந்தயம்தான் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

2. வரி என்னும் இரண்டாவது பங்காளி

நம் நாட்டில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக 31.2 சதவீதம். ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்க முடியாது. கடை லாபத்திலும் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகவும் முடியாது. வாங்கிய விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க அனுமதி இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். பத்து பேரம் செய்கிறீர்கள். நான்கில் தலா 1,200 ரூபாய் லாபம். ஆறில் தலா 600 ரூபாய் நட்டம். வரவு 4,800, பற்று 3,600. கையில் 1,200 லாபம் என்று நினைப்போம். ஆனால் வரி 4,800 ரூபாய்க்கும் உண்டு: 1,498 ரூபாய். உண்மையில் 298 ரூபாய் நட்டம்! வேறு எந்த வியாபாரத்திலும் லாபமாக நிற்கும் கணக்கு இங்கே நட்டமாகிறது. அடிக்கடி வாங்கி விற்பவருக்கு நட்டங்கள் சேரச் சேர இந்த ஓட்டை பெரிதாகும்.

நம் அன்பர் பழைய 4 லட்சத்தை எட்ட 3,40,000 லாபம் தேவை. வரி போக அவ்வளவு நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 4,94,000 சம்பாதிக்க வேண்டும். பழைய நட்டத்தை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

போதாததற்கு, 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். ரிட்டன் தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் 60,000 ரூபாயை ஓராண்டில் 20 முறை முழுவதும் புரட்டினால், விலை மாறாவிட்டாலும் சுமார் 11,000 ரூபாய் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

3. ஒரு பேரத்தில் எவ்வளவு இழக்கலாம்?

எவ்வளவு வரும் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பேரத்தில் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாயில் அது 600 ரூபாய். வாங்கிய விலையிலிருந்து 10 சதவீதம் இறங்கினால் விற்றுவிடுவது என்று 'ஸ்டாப் லாஸ்' போட்டால், 6,000 ரூபாய்க்குத்தான் வாங்கலாம். மீதிப் பணம் சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கும் பணம் கெட்டுப்போகும் சரக்கு அல்ல.

தொடர்ந்து பத்து பேரம் தவறினாலும் 54,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் கணக்கின் 10 சதவீதத்தை இழக்கத் துணிந்தவரிடம் 21,000 ரூபாய்கூட மிஞ்சாது.

விலை ஒரே மூச்சில் சரிந்தால் ஸ்டாப் லாஸ் நாம் சொன்ன விலையில் நிற்காது என்பதையும் மறந்துவிடலாகாது. இந்தச் சந்தைக்கு இரவும் விடுமுறையும் கிடையாது.

4. இறங்க இறங்க வாங்கலாமா?

2022 மே மாதத் தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த லூனா நாணயம், இரு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போயிற்று. "விலை மலிவு" என்று வழியெல்லாம் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். வண்டு விழுந்த பருப்பை இன்னும் நான்கு மூட்டை வாங்கினால் சராசரி விலை குறையும், பருப்பு நல்லதாகிவிடாது.

கடன் பலத்தில் பத்து மடங்குக்கு வாங்கும் 'லிவரேஜ்' அதைவிட ஆபத்து. விலை 10 சதவீதம் இறங்கினாலே முதல் முழுவதும் போகும். 2020 மார்ச் 12 அன்று பிட்காயினே ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. சிறு கணக்கைப் பெரிதாக்கும் குறுக்கு வழி என்று இதைத்தான் காட்டுவார்கள். அடிபட்டவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

5. பணம் யார் கையில்?

வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ சந்தையில் வைத்த பணத்துக்கு அது இல்லை. உலகப் பெரும் சந்தைகளில் ஒன்றான எஃப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. ஆகவே லாபம் வந்தால் அவ்வப்போது வங்கிக்கு மாற்றிவிடுவது நல்லது.

"விட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று அலைபேசியில் வருபவரிடம் எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே இழந்தவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

6. செய்ய வேண்டியவை

ஒன்று: போன பணத்தை வாராக்கடன் போல எழுதி, அந்தப் பக்கத்தை மூடுங்கள். இன்றைய 60,000தான் முதல். நேற்றைய 4 லட்சம் இலக்கு அல்ல.

இரண்டு: மண்டிப் பாக்கி, ஜி.எஸ்.டி. பணம், கடை வாடகை, பிள்ளைகள் படிப்புச் செலவு ஆகியவை முதலில். இவற்றில் பாக்கி இருந்தால் மிச்சத்தை எடுத்து அதைக் கட்டுவதே சிறந்த வியாபாரம்.

மூன்று: பாக்கி இல்லாதவர் மட்டும் தொடரலாம். குறைந்த பேரம், சிறிய அளவு, கடன் வேண்டாம். ஒரு ரூபாய் இழக்கத் துணிந்தால் மூன்று ரூபாயாவது வர வழி இருக்க வேண்டும். வரி போக நிற்பது அப்போதுதான்.

நான்கு: பேரேடு எழுதுங்கள். தேதி, விலை, வாங்கிய காரணம், விற்ற காரணம், வரி. முப்பது பேரம் எழுதிய பிறகும் வரி போக மிச்சம் இல்லையென்றால் கடையைக் கட்டிவிடலாம்.

நம் அன்பர் இரண்டாம் விதியைப் படித்துவிட்டு, 40,000 ரூபாயை எடுத்து மண்டியில் கட்டினார். நின்றுபோயிருந்த கடன் சரக்கு மறுபடி வருகிறது. மீதி 20,000 கணக்கில் இருக்கிறது. அவர் கணக்கு வளரத் தொடங்கிய நாள் அதுதான் என்பது நம் கருத்து.

பயிற்சிக் கணக்கு

உங்கள் முதல் 40,000 ரூபாய். இழக்கத் துணிவது 1 சதவீதம். ஸ்டாப் லாஸ் 8 சதவீதத்தில். எவ்வளவுக்கு வாங்கலாம்? பத்து பேரத்தில் ஐந்தில் தலா 800 லாபம், ஐந்தில் தலா 400 நட்டம் என்றால் வரி போக நிற்பது எவ்வளவு?

விடை: 5,000 ரூபாய்க்கு வாங்கலாம். வரி போக நிற்பது 752 ரூபாய்.