காளான் பக்கட் எத்தனை நாள் தாங்கும்?

பறித்த பிறகும் காளான் சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நம் கடைகளில் விற்கும் சிப்பிக் காளான் வெளியில் வைத்தால் ஒரு நாளிலேயே வாடத் தொடங்குகிறது. 4 பாகை செல்சியஸளவில் வைத்தால் 5 முதல் 7 நாட்கள் தாங்கும். ஆனால் மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தும் வியாபாரிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சூடேறித் திரும்பக் குளிரும்போது பக்கட்டினுள் நீர் வியர்க்கும். அந்த ஈரம்தான் காளானை வழுவழுப்பாக்கி நாற வைக்கிறது. கழுவி வைப்பதும் கூடாது.

மிஞ்சியதைக் காயவைக்கலாமே என்பார்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 10 கிலோ காய்ந்தால் சுமார் 1 கிலோதான் மிஞ்சும். அதுவும் பழுதாகுமுன் காயவைத்தால்தான்! வாரத்துக்கு ஒரே தடவையில் 40 பக்கட் எடுப்பதைவிட, இரண்டு நாளைக்கொருமுறை 10 பக்கட் எடுப்பதே மேல்.