பாப்பாவுக்கு, வீடு தேடும் விஷயமாக

அன்பு மகள் பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரும்பாக்கம் ஏழாவது மாடி, நங்கநல்லூர் இரண்டாவது மாடி என்று நீ அனுப்பிய இரண்டு வீட்டுப் படங்களையும் நானும் பெரியம்மாவும் பார்த்தோம். முடிவு உன்னுடையதுதான். சம்பாதிப்பவள் நீ, வாடகை கொடுப்பவளும் நீ. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சென்னையில் வீடு தேடுகிறவர்கள் அறையைப் பார்க்கிறார்கள், ஆபீசுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். தண்ணீரைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் அது எந்த வழியாக வெளியேறும், கோடையில் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. நான் அளவுக்கு மீறிப் பயப்படுவதாக உன் அப்பா சொல்வான். சொல்லட்டும்.

பெரும்பாக்கமும் சோழிங்கநல்லூரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர்கள். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்த நீரெல்லாம் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் பக்கம் கடலைச் சேர வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. அந்தச் சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. அதன் ஓரங்களில் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. 2022இல் சதுப்பை ராம்சார் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், நல்லது. ஆனால் மிஞ்சியதைத்தான் சேர்க்க முடிந்தது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் மக்கள் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் நீயும்தான் பார்த்தாய். "ஏழாவது மாடிக்குத் தண்ணீர் வராது பெரியப்பா" என்பாய். வராது. ஆனால் டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் சம்ப்பும் உன்னோடு ஏழாவது மாடியில் குடியிருக்கவில்லையே? கீழே முழங்கால் தண்ணீர் நின்றால் மின்சாரத்தை நிறுத்துவார்கள், லிப்ட் நிற்கும், சம்ப்பில் சாக்கடை கலக்கும், உன் போனில் சார்ஜ் தீரும். இங்கே உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

கோடை இன்னொரு கதை. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஓ.எம்.ஆரில் சில கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டன. அந்த வீடுகளிலும் லாரித் தண்ணீர்தான் என்பதை யோசித்தார்களோ இல்லையோ! நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே என்று நீ கேட்பது நியாயம். அந்தக் குழாய் நீ பார்த்த பெரும்பாக்கம் கட்டடத்துக்குள் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. புரோக்கர் "வந்துவிடும்" என்றால் வரவில்லை என்று வைத்துக்கொள். லாரிக்கான காசு வாடகையில் தெரியாது, மெயின்டனன்ஸில் ஒளிந்திருக்கும். ஏப்ரல், மே மாத ரசீதைக் கேட்டு வாங்கிப் பார். நீச்சல் குளம் வேறு இருக்கிறதாம். குடிக்க கேன் வாங்கும் ஊரில் குளிக்க ஒரு குளம்.

நங்கநல்லூர் பழைய ஆலந்தூர் நகராட்சியில் இருந்த பகுதி. மக்களே முன்பணம் கட்டிப் பாதாளச் சாக்கடை கொண்டுவந்து பேர் வாங்கிய நகராட்சி அது. 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கேயும் தாழ்ந்த தெருக்கள் உண்டு, பழவந்தாங்கல் சுரங்கப்பாதை ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும் என்பதை நான் மறைக்கவில்லை. ஆபீஸ் தூரம் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தூரத்தைக் கம்பெனி வண்டியில் தூங்கிக்கொண்டே கடக்கலாம். மின்சார ரயிலும் மெட்ரோவும் பக்கத்தில் இருப்பதால் நாளைக்கே வேலை மாறினாலும் வீடு மாற வேண்டியதில்லை. பெரும்பாக்கம் வழியாகவும் மெட்ரோ வரப்போகிறது என்கிறாய். வரட்டும், வந்த பிறகு குடிபோ. நங்கநல்லூர் வீட்டுக்காரம்மா அசைவம் கூடாது என்றதும், இரவு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டதும் உனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. மீன்குழம்பு இல்லாமல் உன்னால் ஒரு வாரம் ஓட்ட முடியாது. அதற்கு அடுத்த தெருவில் வேறு வீடு பார்ப்பதுதான் வழி, சதுப்புக்குப் போவது வழியில்லை.

எந்த வீடானாலும் சுவரைப் படி. புதுப் பெயின்டுக்கு அடியில் இடுப்பு உயரத்தில் ஒரே நேர்க்கோடாகக் கறை தெரிகிறதா, மின்மீட்டரை மட்டும் பிறகு மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா, ரோடு வாசலைவிட உயர்ந்துவிட்டதா என்று பார். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் 2023இல் இங்கே எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர் சொல்வார். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குள் என்கிறது 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய. அந்த "ஒழிய"வில்தான் பலர் மாட்டுகிறார்கள். கையெழுத்துக்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. கரன்ட்டுக்கு சப்-மீட்டரா, தனி மீட்டரா என்பதையும் கேட்டுக்கொள்.

ரொம்பப் பேசிவிட்டேன். நம் வீட்டிலிருந்து தனியாக வெளியூர் போய் வீடு எடுக்கிற முதல் பெண் நீ. எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. பெரும்பாக்கம்தான் என்று நீ சொன்னாலும் பெரியம்மா பால் காய்ச்ச வந்துவிடுவாள், இன்டக்ஷன் அடுப்பு என் செலவு. அட்வான்ஸுக்குக் குறைந்தால் அப்பாவைக் கேட்காதே, என்னைக் கேள். மாவடு தயாராக இருக்கிறது. முகவரி முடிவானதும் சொல், வியாழக்கிழமை பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா