கீழ்முதுகின் இறுக்கமும் பிலாட்டிஸ் கருவிகளும்

மாணாக்கரும் ஆசிரியரும் நெடுநேரம் மேசைமுன் அமர்ந்து தொழில் புரிபவராதலின், கீழ்முதுகு வலி அவர்க்குப் புதிதன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் பேர் இதனால் வருந்தினரென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இதற்குப் பலரும் நாடுவது தைலந் தேய்த்துப் பிசைதலாம். அஃது இறுக்கத்தைத் தளர்த்தும். ஆயினும், பிசைந்த கை நீங்கியபின் உடலைத் தாங்கும் பொறுப்பு நம் தசைகளுடையதே. ஆகலின், பிசைதலையும் அசைத்தலையும் நாமே ஒருங்கு செய்துகொள்ளும் முறையொன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஜெர்மனியில் 1883இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் என்பார், முதல் உலகப்போரில் மான் தீவில் காவலில் வைக்கப்பட்டார். 1926இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நிறுவினார். சுருள்வில் பூட்டிய தட்டு சறுக்கியோடும் ரிபார்மரும், பீப்பாய்போல் வளைந்த மேடையும் அவர் அமைத்த கருவிகளுட் சிலவாம்.

கீழ்முதுகில் முள்ளெலும்புகள் ஐந்து. அவற்றினிடையே உள்ள வட்டுகளின் உட்பகுதியில், வளர்ந்தோர்க்கு இரத்தக்குழாய் இல்லை; ஊட்டம் சூழ்ந்த திசுக்களினின்று கசிந்தே சேர்கின்றது. அசைவு வேண்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிபார்மரில் மல்லாந்து படுத்து, பாதங்களைக் கால்தாங்கியில் ஊன்றி, தட்டு நகராதபடி நிறுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பை உயர்த்துக. இறங்குங்கால், முள்ளெலும்புகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிற் படிதல் வேண்டும். இங்ஙனம் படிதலே முதுகுத் தசைகளுக்குப் பிசைதலுமாகும்.

கருவியில்லார் பாயில் முழங்கால் மடக்கிப் படுத்து, காற்றுச் சற்றுக் குறைந்த மென்பந்தை இடுப்பின் பின்புறத் தட்டையெலும்பின்கீழ் வைத்து, இடுப்பை முன்னும் பின்னும், பின் இருபுறமும் மெல்லச் சாய்க்கலாம். ஆறு முறை போதும். கடினமான உருளையை இடையின்கீழ் நேரே வைத்து அழுத்துதல் தகாது. அவ்விடத்தில் விலாவெலும்பின் காப்பு இல்லை.

2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இப்பயிற்சி வலியைக் குறைக்கத் துணைபுரியலாமென்றும், ஏனைய பயிற்சிகளினும் இதுவே மேலானதென்று துணியச் சான்று போதாதென்றும் கூறிற்று. எனவே, இதனைச் சர்வரோக நிவாரணியெனக் கொள்ளற்க. கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், வீழ்ந்தபின் வலி ஆகியவை காணின், பயிற்சியை விடுத்து உடனே மருத்துவரை நாடுக.

கருவி துணை மாத்திரமே. நாடோறும் சிறிது நேரம் நிதானமாய் அசைதலும், மணிக்கொருமுறை இருக்கை விட்டெழுதலும் பொருட்செலவின்றி யாவர்க்கும் எளியனவாம்.