வயலில் பட்ட கண் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து?

நெல் அறுக்கும்போது தாள் கீறி, அப்பாவின் கருவிழியில் பூஞ்சைப் புண். நாட்டமைசின் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வந்த வோரிகோனசோலைக் கேட்டு வாங்கலாமா? – வாசகி, சிதம்பரம்

வேண்டாம் அம்மா, கொடுத்திருப்பது சரியான மருந்துதான். இதே கேள்விக்கு உங்கள் பக்கத்திலேயே விடை கண்டிருக்கிறார்கள். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேருக்கு இரண்டில் ஒரு மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது: மூன்று மாதம் கழித்து நாட்டமைசின் போட்டவர்களுக்கே பார்வை மேலாக இருந்தது, கருவிழி ஓட்டையானதும் அவர்களிடம் குறைவு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. மருந்து அடியில் தங்கும், அதனால் புட்டியை நன்றாகக் குலுக்கி, மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் விடுங்கள். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள்; புண் வேகமாகப் பரவும். வலி கூடினால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.