சுகவீனருக்கு மட்டுமா பழம்?



சுகவீனமாயிருக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் வெறுங்கையோடு போவதில்லை. நாலு ஆப்பிளோ ஒரு கிலோ சாத்துக்குடியோ வாங்கிக்கொண்டு போகிறோம். நல்ல பழக்கந்தான். ஆனால் அதே மனுஷன் சுகமாய் நடமாடினபோது அந்த வீட்டில் எப்போது பழம் வாங்கினார்கள் என்று கேட்டால் பதில் வராது.

முதலில் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை என்று தெரியவந்தது. வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் டீ, பிஸ்கட், மிக்சர். வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வீட்டிலோ தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் துளிப் பொரியல். "என்ன காய் சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "உருளைக்கிழங்கு" என்றேன். சிரித்துவிட்டார்.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது. மத்தியானம் ஒரு கப் பொரியல், ராத்திரி ஒரு கப் கீரை, நடுவில் ஒரு கொய்யா, ஒரு வாழைப்பழம் என்றால் ஏறக்குறையக் கணக்கு சரியாகிவிடும்.

"பழமெல்லாம் வசதியுள்ளவங்களுக்கு, பாஸ்டர்" என்றார் ஒரு சகோதரி. ஆப்பிளை மனதில் வைத்துத்தான் சொன்னார். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 50, ஆப்பிளில் 5-ஐ ஒட்டித்தான். விலையோ தலைகீழ்!

இந்த வைட்டமின் சி நம் சகோதரிகளுக்கு ரொம்ப முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து லேசில் சரீரத்தில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சகோதரர்களே, இது கொஞ்சம் கசக்கும். பல வீடுகளில் நாமும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் தாயார் உட்காருகிறார். அப்போது சட்டியில் குழம்பு இருக்கும், காய் இருக்காது. எத்தனை கிலோ வாங்கிப் போட்டும் என்ன? அவருக்கு எடுத்து வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.

தானியேலும் நண்பர்களும் பத்து நாள் மரக்கறி சாப்பிட்டார்களே, அப்படியானால் கறி சாப்பிடலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். அங்கே பிரச்சினை பாபிலோன் ராஜாவின் பந்தி. நோவாவுக்கு மாம்சமும் அனுமதிக்கப்பட்டதே! பிரியாணி சாப்பிடுங்கள். ஆனால் இரண்டு ஸ்பூன் வெங்காயப் பச்சடியை வைத்துக்கொண்டு "காய் சாப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள்.

காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். பழத்தை ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும், கடித்தே சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நேரத்துக்கு ஒரு சின்னப் பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டவேண்டாம். வாழைப்பழத்திலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

சபைக்குப் பின்னால் முருங்கை தழைத்து நிற்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து யார் வேண்டுமானாலும் கீரை ஒடித்துக்கொண்டு போகலாம். தொரட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.