கல்லறை எழுத்தும் நிலப்படமும்

ஓரூரின் வரலாற்றைக் கோட்டையிலும் கோயிலிலும் தேடுவார் பலர். கல்லறைத்தோட்டத்தில் தேடுவார் சிலரே. மேற்கு உக்ரேனிலுள்ள ரொஹாட்டின் என்னும் சிற்றூரைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

பல நூற்றாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்த யூதர்க்குப் பழையதும் புதியதுமாகிய இரண்டு கல்லறைத்தோட்டங்கள் இருந்தன. நாட்ஸி ஜெர்மானியர் ஆட்சியில், 1942 மார்ச்சு 20 ஆம் நாள் அங்கே ஆயிரக்கணக்கான யூதர் கொலையுண்டனர். 1943 ஜூன் மாதத்தில் எஞ்சியோர் சேரியும் அழிக்கப்பட்டது. பிழைத்தவர் மிகச் சிலரே. இறந்தோரும் தப்பினாரல்லர்: அவர்தம் கற்கள் பெயர்க்கப்பட்டுத் தெருவிற்குத் தளமாயின. அக்கற்களின் துண்டுகள் பின்னாளில் தெருக்களினின்றும் தோட்டங்களினின்றும் மீட்கப்பட்டுப் பழைய கல்லறைத்தோட்டத்திற் சேர்க்கப்பட்டன. ஆயினும், எக்கல் எக்குழிக்குரியது என்பதனைப் பெயர்ந்த கல் கூறமாட்டாது. ஆதலின், கற்கள் நிற்கும்பொழுதே இடங்குறித்து வைத்தல் இன்றியமையாததாம்.

அதன் முறை வருமாறு: முதலில் எல்லையை அளந்து, வரிசைக்கும் கல்லுக்கும் எண்ணிட்டு, நிலப்படம் வரைதல் வேண்டும். பின்னர், வெயில் சாய்ந்து விழும் வேளையில் நிழற்படம் எடுப்பின், தேய்ந்த எழுத்தும் புலனாகும். கம்பித்தூரிகையாற் றேய்த்தல் கல்லைக் கெடுக்கும். யூதர் வழக்கிற் குழியைத் தோண்டுதல் கூடாது. கண்டோர் வைத்துச் சென்ற சிறுகற்களையும் அகற்றலாகாது.

கல்லெழுத்துப் பெரும்பாலும், "இங்கே அடக்கம்" எனப் பொருள்படும் இரண்டெழுத்துக்களால் தொடங்கும். இறந்தாரின் உயிர் வாழ்வோர் கட்டிலே கட்டப்பெறுக என்னும் வேண்டுதலைக் குறிக்கும் ஐந்தெழுத்துக்களால் முடியும். அவ்வேண்டுதல் சாமுவேல் முதல் நூலின் 25 ஆம் அதிகாரத்தினின்று பிறந்தது. இடையில் தந்தை பெயரும் வருதலால், ஒரு கல்லே இரு தலைமுறையைக் காட்டும். விரித்த இரு கைகள் ஆசாரியர் மரபையும், நீர்க்குடம் லேவியர் மரபையும், விளக்குத்தண்டு பெண்ணையும், முறிந்த மரம் இளமைச்சாவையும் குறிப்பனவாம்.

தமிழிற் போல எபிரேயத்திலும் எழுத்தே எண்ணாகும். தாவ் 400, ரேஷ் 200, சாமெக் 60; கூட்டின் 660. ஆயிரங்களை விட்டெழுதுதல் வழக்காதலின், அது 5660 ஆம் ஆண்டாம். 660 உடன் 1240 கூட்ட, 1900 வரும். யூதர் ஆண்டு இலையுதிர்காலத்திற் பிறத்தலின், அதன் முதற் சில மாதங்களுக்கு 1239 கூட்டுதலே பொருந்தும்.

எபிரேயம் அறியாதாரும் அளத்தலும் படமெடுத்தலும் செய்து இப்பணிக்கு உதவலாம். அழுது நினைக்கச் சுற்றத்தார் ஒருவருமின்றி மாய்ந்த குடும்பங்கள் பல. அவர்க்கு எஞ்சியது பெயரொன்றே. அதனைப் படித்து எழுதிவைத்தல் கற்றார் கடனென்பது எம் துணிபு.